பியசீலி அக்கா வீட்டு ஹூனா

வெள்ளிக்கிழமைகளில் நான் மாசி போட்ட எதையும் வாயில் வைப்பதில்லை. கிரியுல்லப் பக்கத்துச் சிங்களச் சமையலில் மாசிக் கருவாடு விழாத சட்டி கிடையாது. தேங்காய்ச் சம்பலில் இருக்கும், கீரைச் சுண்டலிலும் இருக்கும். மலைத் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த புதிதில் இதை யாரிடமும் சொல்ல எனக்குக் கூச்சம். கொடுப்பதை வாங்கிக்கொண்டு வந்து வீட்டுக்காரர் பக்கம் தள்ளிவிடுவேன். அடுத்த வளவில் இருந்த பியசீலி அக்கா எப்படியோ அதைக் கவனித்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வேலிக்கு மேலால் அவர் நீட்டும் கிண்ணத்தில் மாசி வாசமே இருக்காது. ஏதோ தற்செயல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பல வருஷம் கழித்து அவர் புருஷன் ரத்னபால அண்ணன் புலம்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. தங்கச்சியை அங்கே நங்கி என்பார்கள், தம்பியை மல்லி என்பார்கள்.

"நங்கி, ஒன்னோட சாமிக்காக இந்த வீட்டுல நானும் வெள்ளிக்கிழமை விரதம். ஒனக்குன்னு தனியா ஒரு சட்டி வாங்கி வச்சிருக்கா. அது பக்கம் மாசியக் கொண்டு போனா அகப்பக் காம்பால அடிக்கிறா."

"சும்மா இருங்க நீங்க" என்று அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அவ்வளவுதான். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை.

அவர்களுக்கு ஒரே மகள், நிலந்தி. கட்டுநாயக்காவில் உடுப்புத் தைக்கும் கம்பெனியில் வேலை. அண்ணன் தேங்காய் காயவைக்கும் கொப்பரா வாடியில் தீப் பார்ப்பவர். வாயைத் திறந்தால் கேலியும் பகிடியும்தான். அக்கா நேர் எதிர். பேச்சுக் குறைவு, பயம் அதிகம். புத்த கோயிலான பன்சலைக்குப் போகாமல் ஒரு பௌர்ணமிப் போயா நாளை விடமாட்டார். காக்கை கரைந்தாலும் நின்று கேட்பார். எல்லாவற்றுக்கும் மேலாக ஹூனா. பல்லியைத்தான் அங்கே ஹூனா என்பார்கள். நம் ஆட்கள் மூலை பார்த்து, கிழமை பார்த்துப் பல்லிக்குப் பலன் சொல்வோம். அக்காவின் வழியில் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. வீட்டை விட்டு இறங்கும் நேரம் ஹூனா சொன்னால் போகக்கூடாது. திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு இறங்க வேண்டும். மறுபடியும் சொன்னால் அன்றைக்கு அந்தப் பயணமே இல்லை.

அக்காவைக் குறை சொல்லவும் முடியாது. அவருடைய கூடப் பிறந்த அண்ணன் லொறியில் கிளீனராக இருந்தவர். ஹூனா சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு இறங்கிப் போனவர், கடுகண்ணாவ மலையில் லொறியோடு கவிழ்ந்தார். வாசலில் நின்று அவரைத் தடுத்தது சின்னப் பெண்ணாக இருந்த பியசீலி அக்காதான். அந்தச் சிரிப்பை அவர் மறக்கவே இல்லை.

ரத்னபால அண்ணனுக்கு ஒரு வருஷம் வாடியில் சிரட்டைத் துண்டு காலில் குத்தியது. சீனி வருத்தம், அதாவது சர்க்கரை வியாதி, உள்ள உடம்பு. பெருவிரலில் வந்த புண் ஆறவில்லை. டிஸ்பென்சரி டாக்டர் மருந்து கட்டிக் கட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில், "குருநாகல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. தள்ளிப் போடாதீங்க, இது விரலோட நிக்காது" என்றார். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். என் வீட்டுக்காரர் மாணிக்கத்தின் த்ரீவீலில்தான் போனோம்.

தகப்பன் வேலைக்குப் போகாமல் படுத்திருக்கிறாரே, பொழுது போகட்டும் என்று நிலந்தி புது டீவி வாங்கி அனுப்பினாள். பழையது பெட்டி மாதிரிக் கனத்தது. இது பலகை மாதிரி மெல்லிசு. சுவரோரம் கண்ணாடி அலுமாரியின் மேல் வைத்தார்கள். பக்கத்து வளவுக்காரர்களெல்லாம் வந்து பார்த்தோம். அக்காவுக்கு அதில் பிடித்தது ஒன்றே ஒன்று. விடியற்காலையில் பிக்குமார் பிரித் ஓதுவது வரும். புத்தர் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, டீவியைப் போட்டு, தரையில் உட்கார்ந்து கடைசி வரை கேட்பார். நான் வேறு சாமி கும்பிடுகிறவள்தான். ஆனாலும் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும்போது என் மனமும் அடங்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகக் குறித்த நாளிலும் அப்படித்தான். பிரித் முடிந்தது. அண்ணன் வெள்ளைச் சாரம் கட்டி, கட்டுப் போட்ட காலில் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். த்ரீவீல் கேட்டடியில் உறுமிக்கொண்டிருந்தது. அக்கா டீவியை அணைத்தார், புத்தர் படத்தைக் கும்பிட்டார், அண்ணனின் கையைப் பிடித்து வாசல்படிக்கு வந்தார்.

டிக், டிக், டிக்.

அக்காவின் கால் நின்றுவிட்டது.

"கேட்டீங்களா?"

"என்னத்த?"

"ஹூனா சொல்லுது."

"அது தன் பொண்டாட்டிகிட்ட ஏதோ சொல்லுது. நம்மகிட்ட என்ன பேச்சு அதுக்கு? நட நோனே, மாணிக்கம் மல்லி எண்ணெய எரிச்சுக்கிட்டு நிக்கிறான்."

அக்கா நடக்கவில்லை. திரும்பிப் போய் அவரை உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார். "சும்மா குந்தி என்ன செய்ய, அதப் போடு" என்றார் அண்ணன். அக்கா டீவியைப் போட்டார். செய்தி ஓடியது. செய்தி முடிந்து அணைத்துவிட்டு எழுந்தார்கள். வாசல்படி வரை வந்தார்கள். மறுபடியும் அதே சத்தம்.

என் வீட்டுக்காரர் கேட்டடியிலிருந்து, "அக்கே, த்ரீவீலுக்குள்ள ஹூனா இல்ல, வந்து ஏறுங்க" என்றார்.

"என் அண்ணனும் இப்படித்தான் சிரிச்சான்" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. கைதான் நிலைப்படியை இறுக்கிப் பிடித்திருந்தது.

அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். அப்படியே குனிந்து செருப்பைக் கழற்றினார். "சரி. அடுத்த கிளினிக்குக்குப் போவோம். காலு எங்க ஓடிப் போகப் போகுது?"

அடுத்த நாளே அக்கா ஹூனா வேட்டையைத் தொடங்கினார். கலண்டர்களைக் கழற்றினார். கூரை இடுக்கில் ஈர்க்கு விளக்குமாற்றை விட்டுக் குடைந்தார். முட்டைக் கோதுகளை நூலில் கோத்து மூலைக்கு மூலை தொங்கவிட்டார். உயிரைக் கொல்ல மாட்டார். அகப்பட்டதைச் சிரட்டையால் மூடி, அட்டையைக் கீழே செருகிக் கொண்டுபோய் வேலியோரம் விட்டார். அது எங்கள் வேலி.

"ஒங்க வீட்டு ஹூனாவெல்லாம் எங்க வீட்டுக்குக் குடிவந்தாச்சு அக்கே" என்றேன்.

"நீ பிள்ளையாருக்கு வெளக்கு வைக்கிற வீடு. ஒனக்கு ஒண்ணும் செய்யாது" என்றார். அதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை.

இதற்கிடையில் டீவியில் வேறொரு வில்லங்கம். பிக்குமார் குரலைத் தாழ்த்தி ஓதும் இடங்களில் 'ர்ர்ர்' என்று ஒரு இரைச்சல் வந்தது. மேளம் அடித்தால் இன்னும் கூடும். பிரித்தின் நடுவில் அப்படி வருவது அக்காவுக்குப் பொறுக்கவில்லை. புதுச் சாமான் இப்படி இரையலாமா என்று நிலந்திக்குப் போன் போட்டார். அவள் சொல்லி, டீவி திருத்துகிற ஜயவீர பாஸ் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

நல்ல மனுஷன். சத்தத்தை உயர வைத்துவிட்டு, உள்ளங்கையை முதலில் டீவியின் முதுகில் வைத்துப் பார்த்தார். பிறகு அலுமாரியின் பலகையில். பிறகு கண்ணாடிக் கதவில் வைத்து அழுத்தினார். இரைச்சல் நின்றது. கையை எடுத்தார், வந்தது.

"டீவி சுத்தம் அக்கே. ஒங்க கண்ணாடிதான் கூடச் சேர்ந்து பிரித் சொல்லுது" என்று, சிகரெட் பெட்டி மட்டையை மடித்துக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகினார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படும்போது பாஸ் கேட்டார், "வேற ஏதும் சத்தம் வருதா? வந்த கையோட பார்த்துட்டுப் போறேன்."

"இல்ல பாஸ். இது ஒண்ணுதான்" என்றார் அக்கா.

அவர் பொய் சொல்லவில்லை. டீவியில் வந்த சத்தம் அவரைப் பொறுத்தவரை அது ஒன்றுதான். அண்ணன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்ததால் பாஸ் போகும்போது டீவி ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த கிளினிக் நாள் வந்தது. விளக்கு, பிரித், வெள்ளைச் சாரம். டீவியை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்கள். டிக், டிக். ஒரு ஹூனாவையும் மிச்சம் வைக்காத வீட்டில், கண்ணுக்குத் தெரியாமல் எங்கேயோ இருந்து சொன்னது. அக்காவின் முகம் செத்துப்போயிற்று. கண்ணில் அகப்படாத ஹூனா வெறும் ஹூனா இல்லை என்று அவர் முடிவு கட்டியது அன்றைக்குத்தான்.

அதற்கடுத்த தடவை அடுப்படிக் கதவால் இறங்கிப் பார்த்தார்கள். சின்ன வீடு, சத்தம் அங்கேயும் வந்தது. இன்னொரு தடவை அக்கா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். ஆனால் அண்ணனின் காலடி ஒரு கணம் தயங்கியதைப் பார்த்துவிட்டார். "கேட்டுச்சா?" என்று கேட்டார். அண்ணன் குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினார். அது போதுமாயிருந்தது.

நடுவில் நாட்டு வைத்தியரின் எண்ணெய் வைத்துக் கட்டினார்கள். பன்சலையில் இருந்த வெள்ளரசு மரத்தடிக்கு அக்கா குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். எங்கள் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கச் சொன்னார், உடைத்தேன். என் வீட்டுக்காரர் ஒரு நாள் பொறுக்காமல், "அண்ணே, நீங்களாவது சொல்லக் கூடாதா? தூக்கிக்கிட்டுப் போயிர்றேன்" என்றார்.

"அவ மனசு ஒடஞ்சி நான் ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்து என்ன ஆகப் போகுது மல்லி" என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்போதே அந்த அறையில் வாசம் வரத் தொடங்கியிருந்தது. அக்கா சாம்பிராணி போட்டபடியே இருப்பார். விரல் கறுத்து, கறுப்பு பாதத்தின் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் கரண்ட் இல்லை. நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது வேலியடியில் அக்காவின் கூப்பாடு. ஓடினேன். அண்ணன் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது, ஆளைத் தெரியவில்லை. என் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் பாயோடு தூக்கி த்ரீவீலில் வைத்தார்கள். வாசல்படி தாண்டும்போது அக்கா நின்றார். காதைக் கொடுத்தார். வீடு அமைதியாக இருந்தது.

என் கையை இறுக்கிப் பிடித்து, "இன்னிக்குச் சொல்லல நங்கி" என்றார். "பொழச்சிருவாரு."

வழி முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பல மாதமாகப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் முட்டிக்கு மேலே காலை எடுத்தார்கள். விஷம் அதற்கு முன்பே இரத்தத்தில் கலந்திருந்தது. அண்ணனுக்குக் கடைசி வரை நினைவு திரும்பவில்லை. உடம்பை ஒப்படைக்கும்போது ஒரு வயதான தாதி, மனசு கேட்காமல், "மொதல்லயே கொண்டு வந்திருந்தா ஒரு வெரலோட போயிருக்குமே அம்மே" என்றார். அக்கா தலையை ஆட்டினார். அவர் அழுததை நான் பார்க்கவில்லை.

செத்த வீட்டில் படங்களையெல்லாம் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள். டீவியின் மேல் வெள்ளைத் துணி போட்டு மூடினார்கள். ஏழாம் நாள் பிக்குமாரின் பண உபதேசமும் அவர்களுக்குச் சோறு கொடுக்கும் தானமும் முடிந்தன. அக்கா டீவி பக்கமே போகவில்லை. காலையில் பன்சலைக்குப் போவார், வருவார். ஒரு நாள் என்னிடம் சொன்னார், "இப்ப ஹூனா சொல்றதே இல்ல நங்கி. வந்த வேலை முடிஞ்சிது, போயிட்டுது."

 முருகா என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதத் தானத்துக்கு நிலந்தி வந்தாள். தானம் கொடுத்த மறுநாள் அவள் கட்டுநாயக்காவுக்குத் திரும்ப வேண்டும். அம்மா இருட்டு வீட்டில் இப்படியே குந்தியிருக்கிறாளே என்று, அன்று காலை துணியை எடுத்துவிட்டு டீவியைப் போட்டாள். பிரித் வந்தது. நானும் பால்சோற்றுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் நின்று கேட்டேன். முடிந்ததும் நிலந்தி அணைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள்.

டிக், டிக், டிக்.

அக்கா பாய்ந்து மகளின் கையைப் பிடித்தார். "போகாத. இரு. தண்ணி குடி."

"அம்மே, டீவிம்மா அது."

"எது?"

"இந்தச் சத்தம். எங்க போர்டிங்ல இருக்கிற டீவியும் இப்படித்தான். நிப்பாட்டினா டிக்கு டிக்குன்னு சொல்லும். கைய வச்சுப் பாருங்க."

அக்கா கையை வைத்தார். டீவியின் முதுகு இன்னும் சூடாக இருந்தது. அவர் உள்ளங்கைக்கு அடியிலேயே இன்னொரு தடவை, டிக்.

நிலந்திக்கு ஒன்றும் தெரியாது. கிளினிக் தள்ளிப்போனது என்று மட்டும்தான் போனில் சொல்லியிருந்தார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, என்ன?" என்று கேட்டபடியே இருந்தாள். அக்கா அவளை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். டீவியைப் போட்டார். சோறு வேகும் நேரம் ஓடவிட்டு அணைத்தார். வாசல்படியில் போய் நின்றார். சத்தம் வந்தது. மறுபடி போட்டார், அணைத்தார், வாசல்படிக்குப் போனார். நான் போய்த் தடுத்தேன். "இரு நங்கி" என்றார். "சரியாப் பார்த்துக்கிறேன்."

மற்ற நேரங்களிலும் அது அப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஓட்டு வீட்டில் ஹூனா கத்துகிறது என்று யார் காது கொடுப்பார்கள்? பயணம் போகும்போதுதான் கேட்போம். டீவியையும் அப்போதுதானே அணைப்போம்.

சாயந்தரம் என்னையும் கூட்டிக்கொண்டு ஜயவீர பாஸின் கடைக்குப் போனார். பாஸ் மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டார். அக்கா உட்காரவில்லை.

"நிப்பாட்டினா சத்தம் வருது பாஸ். ஏன்?"

"அதுவா? ஓடுறப்போ சூட்டுல பிளாஸ்டிக் வீங்கும். நிப்பாட்டினதும் ஆறிச் சுருங்கும். அப்ப அங்கங்க விட்டுக் கொடுக்கிற சத்தம் அக்கே. அது பழுது இல்ல. புதுசுன்னா அப்படித்தான், போகப் போகக் கொறஞ்சிரும். அன்னிக்கு வந்தப்போ சொல்லியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே."

"ஆமா" என்றார் அக்கா. "சொல்லியிருக்கலாம்."

அக்கா அதற்குப் பிறகு பன்சலைக்கும் போகவில்லை. எங்கள் வேலிக்கும் வரவில்லை. நான் சோறு கொண்டு போனால் வாங்கி வைத்துக்கொள்வார். போகிற வழியில் பார்த்தால் வீட்டுக் கதவு திறந்திருக்கும்; உள்ளே அக்கா வெறும் தரையில், டீவிக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். டீவி ஓடாது. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். புருஷனை ஹூனாவுக்குக் கொடுத்தவள் என்று கடையடியில் ஒருவர் சொன்னார். என் வீட்டுக்காரர் அந்த ஆளை அதற்குப் பிறகு த்ரீவீலில் ஏற்றியதில்லை.

வருஷம் திரும்புவதற்குள் நிலந்தி வந்து அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக ஏற்பாடு செய்தாள். வீட்டைப் பூட்டினார்கள். டீவியை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பஸ் நிற்கும் இடம் வரை நானும் போனேன். அக்கா மிகவும் மெலிந்திருந்தார். அவர் கட்டுநாயக்காவில் அதிக காலம் இருக்கவில்லை. அடுத்த மழைக்குள் அங்கேயே காலமாகிவிட்டார் என்று போனில்தான் செய்தி வந்தது. அதனால் அன்றைக்குப் பார்த்ததுதான் கடைசி.

நிலந்தி சற்றுத் தள்ளி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா என் பக்கம் நெருங்கி, மகளுக்குக் கேட்காமல் சொன்னார்:

"அவரு நாள் முழுக்க அந்த டீவிக்கு முன்னாலதானே கெடந்தாரு நங்கி. சத்தம் எங்கேருந்து வருதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். கால வெட்டிருவாங்கன்னு பயந்து வாயத் தெறக்காம இருந்திட்டாரு. அப்படி நெனச்சாத்தான் எனக்கு ராவுல கண்ணு மூடுது. ஆனா எனக்குத் தெரியாம ஒரு பீடி குடிக்காத மனுஷன் அவரு. செத்தவரு மேல பழியப் போட்டுட்டுத் தூங்குறேன். அது பாவமான்னு ஒன் சாமிகிட்டக் கேட்டுச் சொல்லு."